வாசலில் செருப்பு இல்லை

அச்சங்குளம் பட்டாசு ஆலையின் பதினோராம் நம்பர் அறை இருந்த இடத்தில், இப்போது நாலு பக்கமும் வானம் தெரிந்தது.

நடுவில் ஃபோர்மேன் பெத்தணன் கிடந்தார். யாரோ வேட்டியால் மூடியிருந்தார்கள்.

அதே நேரம் விருதுநகரில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நவநீதகிருஷ்ணனின் செல்போன் அலறியது.

ஆலை மேனேஜர் சுந்தரபாண்டி.

"சார், பெத்தணன் போயிட்டாரு. மருந்து கலக்குற அறைக்குள்ள சூடேறியிருக்கு... சைரன் அடிக்கல."



"அடிக்கலையா?"

"வாட்ச்மேன் தங்கச்சாமி சுவிட்ச அமத்திட்டான் சார். அவனுக்கும் பெத்தணனுக்கும் போன வாரம் வாய்த்தகராறு. போலீஸ் கூட்டிட்டுப் போயிருச்சு. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க... உங்க பெட்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது."

போன் வைக்கப்பட்டது.

அந்தப் பெட்டி நவநீதனின் கம்பெனி தயாரித்தது. அறையில் சூடு ஏறினால் நெட்வொர்க் வழியாகச் சேதி அனுப்பிச் சைரனை அலற வைக்கும். பதினாறு கேமராக்களின் படமும் அதே வழியில்தான் ஓடும். எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி வெளியே தள்ளுவது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு டிரைவர் நிரல். எழுதியவள் பிரீத்திகா, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். சரிபார்க்க வேண்டியவன் நவநீதன்.

அவள் ஒரு குறிப்பும் வைத்திருந்தாள். 'ரெண்டு வேலை ஒரே சமயத்துல இந்த வரிசைக்குள்ள நுழைஞ்சா என்ன ஆகும்னு சந்தேகமா இருக்கு சார். இங்கே ஒரு லாக் வேணுமா? கொஞ்சம் பாருங்க.'

அவன் பார்க்கவில்லை.

ஆமத்தூரில் அக்கா மகளின் காதுகுத்து விருந்தில், இலை முன்னால் இருந்தான். வலது கை சாம்பாரில். இடது கட்டைவிரலால் செல்போனைத் தட்டினான். 'பார்த்துவிட்டேன். சரி.'

ஆயிரத்து நானூறு வரி. பாயசம் வருவதற்குள் முடித்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து, சோதனையின்போது சைரன் இரண்டு முறை அடிக்கவில்லை என்று சுந்தரபாண்டி புகார் சொன்னபோதுதான் நிரலை முதன்முதலாகப் படித்தான். வேர்த்துக் கொட்டியது. திருத்தினால், படிக்காமல் ஒப்புக்கொண்டது வெளியே வரும். எனவே மேனேஜரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான். எல்லாக் கேமராவையும் ஒன்றாகத் திறக்காதீர்கள், சைரன் சேதி சிக்கிக்கொள்ளலாம், மற்றபடி ஒன்றுமில்லை என்று.

மற்றபடி ஒன்றுமில்லையாம்! இப்போது ஒரு மனுஷன் வேட்டிக்கு அடியில் கிடந்தார். அவமானத்தில் நவநீதனின் காது மடல் சுட்டது.

லெட்டரை அடிக்க ஆரம்பித்தான். 'பெட்டி நல்ல நிலையில்...' வரை வந்தது. அதற்கு மேல் விரல் நகரவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த தங்கச்சாமி, அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வந்துட்டீகளா சார்... நான் சுவிட்சத் தொடலைன்னு உங்க பெட்டிக்குத் தெரியும்ல? இன்ஸ்பெக்டர் அம்மாகிட்டச் சொல்லுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

நவநீதன் தலை குனிந்தபடியே இன்ஸ்பெக்டர் கற்பகவல்லியின் மேஜைக்குப் போனான்.

"மேடம், அவர விட்டுருங்க. தப்பு என்னோடது."

கற்பகவல்லி பேனாவை மூடினார். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"மருந்து அறைக்குள்ள ஒரு சமயம் ஒரு ஆள்தான் போகணும். வாசல்ல செருப்பு கிடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா போகலாம்."

"ஊருக்கே தெரியும்."

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல வந்து, செருப்பு இல்லைன்னு பார்த்து, ரெண்டு பேருமே நுழைஞ்சா? நிரல்ல அதான் மேடம் ஆச்சு. கேமராப் படமும் சைரன் சேதியும் ஒரே இடத்துல நுழைஞ்சு, வரிசையே சிக்கிருச்சு. வாசல்ல ஒரு பூட்டு வச்சிருக்கணும். அந்தப் பொண்ணு கேட்டா... நான் படிக்காமலே சரின்னுட்டேன்."

காதுகுத்து, சாம்பார், பாயசம்... எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல உடம்பு கூசியது.

கற்பகவல்லி திட்டவில்லை. எப்போதெல்லாம் சிக்கும் என்று மட்டும் கேட்டார்.

"எப்பவாச்சும்தான். எல்லாக் கேமராவையும் ஒண்ணாத் திறந்தாலும், பத்துத் தடவையில ஒரு தடவை. சிக்கிட்டா படம் அப்படியே உறைஞ்சு நிக்கும்."

"இன்னைக்கு யாரு திறந்தது?"

அதை அவன் பார்த்திருக்கவில்லை. இதையும்தான்! லேப்டாப்பைத் திறந்து பெட்டியின் பதிவேட்டை உருட்டினான்.

இரண்டு முப்பதுக்குப் பதினாறு கேமராக்களும் திறந்தன. மூடின. மறுபடி திறந்தன. எட்டு நிமிஷத்தில் ஒன்பது தடவை. ஒன்பதாவதில் படம் உறைந்தது. ஏழு நிமிஷம் கழித்து அறை வெடித்தது.

ஒன்பது தடவையும் ஒரே செல்போன்.

நம்பர் சுந்தரபாண்டியுடையது. "மேடம்... இது சிக்கும்னு நான் ஒரே ஒரு ஆள்கிட்டத்தான் சொன்னேன்."

கற்பகவல்லி டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்தார். அன்று காலைத் தபாலில் வந்த மனு. நாலு பேருக்கு அனுமதியுள்ள பட்டாசு சுற்றும் அறையில் மேனேஜர் ஏழு பேரை உட்கார வைக்கிறார், அவரிடமே சொல்லியும் கேட்கவில்லை, நாளை சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அந்த ஏழு பேரையே காட்டுகிறேன் என்று எழுதியிருந்தது.

கீழே பெத்தணனின் கையெழுத்து.

"காலையில கலந்த மருந்த மத்தியானம் வரைக்கும் மிச்சம் வச்சா சூடேறும்னு மேனேஜருக்குத் தெரியாதா? சைரன ஊமையாக்கிட்டு, எடுத்துட்டு வாங்கன்னு பெத்தணன உள்ள அனுப்பியிருக்கான்."

நவநீதனின் செல்போன் அலறியது. கற்பகவல்லி ஸ்பீக்கரைத் தட்டினார்.

"லெட்டர் ரெடியா சார்?" சுந்தரபாண்டியின் குரல்.

"ரெடி. அங்கனயே இருங்க, நானே கொண்டாறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

 ஆலை வாசலில் நின்றிருந்த கான்ஸ்டபிளுக்கு வயர்லெஸ் மைக்கில் உத்தரவு பறந்தது.

தங்கச்சாமியைப் போகச் சொன்னார்கள். அவர் நவநீதனைப் பார்த்துக் கை கூப்பினார். "நல்லாருக்கணும் சார் நீங்க."

அறைந்திருக்கலாம். அது தேவலை.

எழுத்தர் அடித்து நீட்டிய மூன்று பக்க வாக்குமூலத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தான் நவநீதன்.

கற்பகவல்லி அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கன பாயசம் எதுவும் வராது சார். முதல் பக்கத்துலேருந்து படிங்க."