பொருட்களா, பொருள்களா

வந்த பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பேசி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

"குழந்தைங்களை அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்னு சொல்றாங்க. நான் அப்படிப் போகல. ஆனா..." என்று நிறுத்தினார். "அந்த 'ஆனா'வாலதான் எனக்கே என் மேல வெட்கமா இருக்கு."

எதிரே இருந்த துப்பறிவாளர் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கணவரின் தம்பி தன்னைத் தானே உதவியாளராக நியமித்துக்கொண்டு, "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் தெருவுக்கே அவர் அண்ணியாகிவிட்டார். கொழுந்தனுக்கு நாற்பத்தைந்து வயது. வழக்கு என்று வந்துவிட்டால் மட்டும் கால் தரையில் பாவாது.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

மெய்ப்புத் திருத்துவோரின் மூன்று நாள் மாநாடு அது. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கிற கூட்டம். அவர்களில் நான்கு பேர் குழந்தைகளோடு வந்திருந்தார்கள்: இந்தப் பெண், அகராதி வேலை பார்க்கும் அக்கா ஒருவர், ஒரு பத்திரிகைக்காரர், ஒரு தாடிக்காரர். மாடியில் ஓர் அறையை வாங்கி, ஆறு குழந்தைகளையும் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மேலே இருக்க, மூவர் கீழே அரங்கில் இருப்பார்கள். முறை முடித்துப் போகிறவர் அடுத்தவருக்கு ஒரு சீட்டு எழுதி மேசையில் வைக்க வேண்டும். மாடிக் கதவின் சாவி அந்த நால்வரிடம் மட்டுமே இருந்தது.

"நேத்து ரெண்டுலேருந்து மூணு என் முறை" என்றார் அந்தப் பெண். "திரை போட்டு எல்லாரையும் தூங்க வச்சிருந்தேன். வராந்தா ஒலிபெருக்கியில அரங்கத்துப் பேச்சு கேட்டுட்டே இருக்கும். ரெண்டு வருஷமா நான் காத்திருந்த பேச்சு அது. வாசப்படியிலேயே நின்னு கேட்டுட்டு இருந்தேன். ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி பின்கதவு வழியா யாரோ வந்தாங்க. 'நீங்க போய்க் கேளுங்க, நான் பாத்துக்கறேன்'னு குசுகுசுன்னு ஒரு குரல். சீட்டு எழுதி வச்சிட்டு ஓடிட்டேன்."

"யாருன்னு பாக்கலையா?"

"பாக்கல. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. நம்ம நாலு பேர்ல ஒருத்தர்தானே, யாரா இருந்தா என்னன்னு நினைச்சேன்."

மூன்று மணிக்கு அடுத்த முறைக்கு வந்த அகராதிக்காரர், பெரியவர் எவரும் இல்லாத அறையைத்தான் கண்டார். தாடிக்காரரின் நான்கு வயது மகள் படிக்கட்டில் விழுந்து, மோவாய் கிழிந்து அழுதுகொண்டிருந்தாள். மூன்று தையல். 'நான்தான் வந்து உட்கார்ந்தேன்' என்று மற்ற மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

"இன்னிக்குச் சங்கத்துக்கு என் மேல புகார்க் கடிதம் எழுதப் போறாங்க. அது போகட்டும். என் பையன் நேத்து என்னைக் கேட்டான், 'எங்களை விட்டுட்டா போனே?'ன்னு. அவனுக்குப் பதில் சொல்லணும்."

"அந்தப் பொண்ணோட அப்பா சண்டைக்கு வந்திருப்பாரே?" என்றார் கொழுந்தன்.

"அவர் ஒண்ணுமே சொல்லல. தலையைக் குனிஞ்சுட்டே இருந்தார். திட்டியிருந்தாக்கூட எனக்குத் தேவலாம் போல இருந்துச்சு. பாவம், அரங்கத்துல இருந்தார் மனுஷன். நான் போய் உக்காந்து பத்துப் பதினைஞ்சு நிமிஷம் இருக்கும். 'பொருட்கள்'னு எழுதுறதுதான் சரின்னு ஒருத்தர் பேசினார். இவர் மூச்சு வாங்க மைக்கைப் பிடிச்சு, 'பொருள்கள்'தான் சரின்னு சண்டையே போட்டார். எல்லாரும் கைதட்டினாங்க."

அவர் கைபேசியில் சீட்டின் படத்தைக் காட்டினார். 'மணி 2.40. ஆறு பேரும் தூங்குகிறார்கள். விளையாட்டுப் பொருட்கள் அலமாரியில்.' பொருட்களின் 'ட்' சிவப்பில் அடிக்கப்பட்டு, ஓரத்தில் 'ள்' இருந்தது.

"இந்தத் திருத்தம்?"

"அகராதிக்கார அக்கா போட்டிருப்பாங்க. கையில சிவப்புப் பென்சில் இருந்தா எங்களுக்கெல்லாம் கை சும்மா இருக்காது."

அண்ணி உடனே அகராதிக்காரருக்குப் போன் செய்தார். சீட்டை எடுக்கும்போதே அந்தத் திருத்தம் இருந்தது என்று பதில் வந்தது.

"அவங்க சொல்றது பொய் அண்ணி" என்றார் கொழுந்தன். நடந்ததை முதலில் கண்டவரையே சந்தேகிப்பது அவருக்குப் பிடித்தமான முறை.

அண்ணி தட்டச்சுப் பொறியில் ஒரு தாளைச் செருகினார்.

அன்று காலையே மாடியில், குழந்தைகள் அறைக்கு அடுத்த அறையில் நால்வரும் கூடினார்கள். பக்கத்து அறையில் குழந்தைகளின் கூச்சல். பத்திரிகைக்காரர் கடிதத்தின் நகலோடு வந்திருந்தார். தாடிக்காரர் சுவரோரம் நின்றார்.

"குழந்தைகள் அறைக்கு ஒரு அறிவிப்பு அடிச்சிருக்கேன்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார் அண்ணி. "எனக்குத் தமிழ் அவ்வளவா வராது. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

அந்தப் பெண்ணைத் தவிர மற்ற மூவரும் பென்சிலை எடுத்தார்கள். கொழுந்தன் தாள்களை வாங்கி ஆவலோடு புரட்டினார். விடுபட்ட ஒற்றுகளை மூவருமே போட்டிருந்தார்கள். ஆனால் நடுவில் வைத்திருந்த 'விளையாட்டுப் பொருட்கள்' மூன்று தாள்களிலும் அப்படியே இருந்தது.

"யாருமே திருத்தல அண்ணி" என்றார் காதோடு. "நம்ம வலையில பொத்தல்."

அண்ணி அகராதிக்காரரிடம் திரும்பினார். "நீங்க ஏன் இதை விட்டீங்க?"

"ரெண்டும் வழக்குல இருக்கும்மா. நான் தொடறதில்ல."

"எங்க பத்திரிகையில பொருட்கள்னுதான் போடுவோம்" என்றார் பத்திரிகைக்காரர்.

"அப்ப அந்தச் சீட்டைத் திருத்தினது நீங்க ரெண்டு பேரும் இல்ல. எழுதினவங்களும் இல்ல; அவங்க எழுதினதே பொருட்கள்தான்." அண்ணி மூன்றாவதாகத் தாடிக்காரரின் தாளை எடுத்து மெதுவாகப் பேசினார். "நீங்க சொல்லுங்க தம்பி. நேத்து ஒரு அரங்கத்துக்கு முன்னாடி இதே சொல்லுக்காகச் சண்டை போட்டீங்க. இன்னிக்கு உங்க கண்ணுக்கு முன்னாலயே இருக்கு. ஏன் கை வைக்கல?"

தாடிக்காரர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார்.

"அந்தச் சீட்டைப் பத்தித்தான் கேக்க வந்திருக்கேன்னு தெரிஞ்சுட்டு, அந்தச் சொல்லைத் தொடப் பயந்துட்டீங்க. பேசினப்போ நீங்க அரங்கத்துல இருந்தீங்க, உண்மைதான். அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? ஏற்கெனவே உள்ள உக்காந்திருந்தவருக்கு ஏன் மூச்சு வாங்கணும்? மாடியிலிருந்து ஓடி வந்தா வாங்கும்."

"ஒலிபெருக்கியில கேட்டுச்சு" என்றார் தாடிக்காரர். குரல் முந்தைய நாள் போலவே குசுகுசுத்தது. "எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க. ஒரு சொல்லு சொல்லிட்டு வந்துடலாம்னு போனேன். ரெண்டே நிமிஷம்னு நினைச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க. அந்தக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்னுட்டேன்."

அகராதிக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். பத்திரிகைக்காரர் கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக.

"அவ என் பின்னாடியேதான் வந்திருக்கா. 'அப்பா பின்னாடி போனேன்'னு என்கிட்டச் சொன்னா. அப்படிச் சொல்லாதே, கனவு கண்டேன்னு சொல்லுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். தையல் போடும்போது கேட்ட டாக்டர்கிட்டயும் அப்படியே சொன்னா." அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "விட்டுட்டுப் போனதைக்கூட ஒருநாள் மறந்துடுவேன்மா. இதை எப்படி மறப்பேன்?"

கொழுந்தனுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, வழக்கு முடிந்ததில் சந்தோஷம் வரவில்லை. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் கடிதம் எழுத உட்கார்ந்த இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தாடிக்காரர் சீட்டைக் கேட்டு வாங்கினார். '2.40க்கு பொறுப்பு ஏற்றவன் நான்' என்று அடியில் எழுதி, கையெழுத்திட்டு, அதை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"உங்க பையன்கிட்டக் காட்டுங்க. நான் போய் என் பொண்ணுகிட்ட, நடந்ததைச் சொல்லலாம்னு சொல்லணும்."

அவர் பக்கத்து அறைக்குப் போனார். அந்தப் பெண் சீட்டைப் படித்தார். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். 'க்கு'வுக்குப் பிறகு ஒரு 'ப்' விடுபட்டிருந்தது. ஒருவரும் பென்சிலை எடுக்கவில்லை.