ஒன்பதாம் தெருவுக்கு இன்னும் கயிறு வரவில்லை

சனிக்கோளின் டைட்டன் நிலவில் புதுத்துறை என்ற ஊர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாகும். அப்படியொரு நாள் காலை புதுத்துறைக்காரர்கள் கண்விழித்தபோது எல்லாருக்கும் நகல் தயார். ஆள் இரண்டு, நாய் இரண்டு, புளியமரம் இரண்டு. குளியலறை வாசலில் தன்னோடு தானே மல்லுக்கு நிற்காதவர் யாருமில்லை!

இந்த வித்தையை நம் உடம்பின் செல்லிடமிருந்துதான் கற்றார்கள். செல் பிரியும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் நகலோடு சென்ட்ரோமியர் என்ற நடுமுடிச்சில் ஒட்டிக் கிடக்கும். இரண்டு பக்கமிருந்தும் இழை வந்து முடிச்சைப் பற்றிய பிறகுதான் பிரிவினை. ஒரே ஒரு முடிச்சு ‘பொறு’ என்றாலும் மற்றதெல்லாம் வாயைத் திறக்காமல் காத்திருக்கும். புதுத்துறையின் இருபத்து மூன்று தெருக்களுக்கும் அதே ஏற்பாடு. தெருவுக்கொரு நடுமுடிச்சு, அதைக் கிழக்கூருக்கும் மேற்கூருக்கும் இழுக்க இரண்டு கயிறு, முடிச்சுக்கொரு காவலர், அவர் கையில் ஒரு பச்சைக் கொடி. எல்லாக் கொடியும் உயர்ந்தால்தான் கயிறு இழுபடும்.

ஒன்பதாம் தெருக் காவலர் நீலாயதாட்சி மட்டும் கொடியைத் தூக்கவில்லை. அவள் நகல் கிழக்கு முனையில் கயிற்றை மாட்டிவிட்டாள். இவள் நின்ற மேற்கு முனைக்கோ கயிறே வந்து சேரவில்லை. இப்படியே இழுத்தால் ஒன்பதாம் தெரு இரண்டும் கிழக்கே போய்விடும், மேற்கூருக்கு நாமம்தான்.

அந்தத் தெரு முழுவதையும் வளைத்து மாளிகை கட்டியிருந்தவர் ஊர்த்தலைவர் மார்க்கண்டன். மாடியிலிருந்து இரண்டு மார்க்கண்டன்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

“ஏம்மா, ராகுகாலம் வர அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. தூக்கு கொடியை!”

“மேற்குக் கயிறு மாட்டலங்கய்யா. கால் மணி நேரம் பொறுங்க.”

“தூக்கலேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!”

அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் கொடியை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“யக்கா, பிரியாணி ஆறுது! ஒரு தெருதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்!” என்றபடி கூட்டத்திலிருந்து ஒரு முறுக்குமீசைக்காரன் பாய்ந்து வந்து கொடியைப் பிடுங்கி உயர்த்திவிட்டான். அடப்பாவி!

கயிறுகள் விறைத்தன. இருபத்திரண்டு தெருக்கள் ஊருக்கொன்றாக அழகாகப் பிரிந்தன. ஒன்பதாம் தெரு இரண்டும் கிழக்கே வழுக்கிக்கொண்டு போயின, மாடியில் கையாட்டிய இரண்டு தலைவர்களோடு.

கிழக்கூரில் யார் அசல் தலைவர் என்று தினமும் ரகளை. மேற்கூரில் தலைவரே இல்லை. மேற்கு முனையிலேயே நின்றுவிட்ட நீலாயதாட்சியை வேலையிலிருந்து தூக்கவும் ஆள் இல்லை! தண்ணீர் நேரத்துக்கு வந்தது, விளக்கு எரிந்தது, எந்தப் பாலமும் திறப்புவிழாவுக்காகக் காத்துக் கிடக்கவில்லை. அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நாலாம் மாதம் ஒரு நாள் தண்ணீர் அரை மணி தாமதம். ஊரே கொதித்தது, ஆனால் திட்டுவதற்கு யாருமில்லை. பாவம், துடித்துப் போனார்கள். அன்றைக்கே கூட்டம் போட்டு நீலாயதாட்சியைத் தலைவராக்கினார்கள். கழுத்தில் மாலையும் கண்ணில் நீருமாக அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அந்த முறுக்குமீசைக்காரன் எழுந்தான்.

“ஏங்க தலைவரம்மா, அன்னிக்கு ‘பொறுங்க’ன்னு இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருந்தா, நம்ம தெரு போயிருக்குமா?”

“அதானே!” என்றது ஊர். நாலு மாதத்தில் அன்றுதான் எல்லார் முகத்திலும் அப்படியொரு நிம்மதி.