இருவருக்கு ஒரு கத்தி

தண்ணீர் மொள்ளும் சத்தம் மேலேயிருந்து வந்தது.

இன்னாசிராஜ் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டுக் காதைத் தீட்டினான். ஓடை இருப்பது கீழே. யாக்கோபு குடத்தோடு இறங்கிப் போனதும் கீழேதான். மழைக்கும் பனிக்கும் போடும் சாக்குக் கொங்காணியைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், முதுகிலேயே முறைப்பைக் காட்டிக்கொண்டு போனான். ஆனால் குடம் அமுங்கிக் குபுக் குபுக்கென்று நிரம்புகிற சத்தம், ஏலச்செடிகள் மண்டிக்கிடந்த மேட்டுச் சரிவிலிருந்து வந்தது. அங்கே செடியும் பாறையும்தான், சொட்டுத் தண்ணீர் கிடையாது. காலையில் இன்னாசிராஜே ஏறிப் பார்த்திருந்தான்.

மூடுபனியில் சத்தம் திசை மாறும், மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டி என்ன செய்ய? கை அதுபாட்டுக்குக் கால்சட்டைப் பைக்குள் போய்க் கத்தியைத் தொட்டுக்கொண்டது.

அந்தக் கத்தியால் வந்த வினைதான் எல்லாம். உடும்பஞ்சோலைக்கு மேலே, ஆள் வராமல் காடாகிப்போன இந்த ஏலத்தோட்டத்தில் சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் போட இடம் குறித்துவரும்படி அவனையும், அவன் மனைவி கத்தரீனாளின் அண்ணன் யாக்கோபையும் முதலாளி அனுப்பியிருந்தார். பக்கத்தில் வனத்துறை எல்லை, அரிவாளோடு பிடிபட்டால் கேஸாகிவிடும் என்று பயமுறுத்தி, ஒரே ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதுவும் இரண்டு பேருக்கும் சேர்த்து.

கடைக்காரன் பிஜு கண்ணாடிமேல் மூன்று கத்திகளைப் பரப்பினான். யாக்கோபின் கண் போன இடம், ரம்பம், கரண்டி, பாட்டில் திறப்பான் என்று சந்தைக்கு வந்த மணப்பெண்ணாக மினுங்கிய ஒன்று. இன்னாசிராஜ் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தான்; உள்ளே கடகடத்தது. மரப்பிடி போட்ட இரண்டாவதுக்குப் பூட்டு இல்லை, அழுத்திக் குத்தினால் மடங்கி விரலை அறுத்துவிடும். மூன்றாவது கறுப்பு, அழகு அறவே கிடையாது. ஒற்றை அலகு, தடித்த முதுகு, ஈரக் கையிலும் வழுக்காத சொரசொரப் பிடி. அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினான், பூட்டு அசையவில்லை. மறுபடியும் அழுத்தினான்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சும்மாவா சொன்னாங்க? பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இம்புட்டு யோசிக்கலியே மாப்ள" என்றான் யாக்கோபு.

"காட்டுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இதுதான் மச்சான் உசுரு."

"அது மதி சேட்டா" என்று பிஜுவும் அந்தக் கறுப்புக் கத்தியையே காட்டி, அதுவே போதும் என்று மலையாளத்தில் ஒத்து ஊதினான்.

அதுவரைக்கும் சிரிப்புத்தான். ஜீப்பை விட்டு இறங்கியதும், மூத்தவன் நான், கத்தி என்னிடம் இருக்கட்டும் என்றான் யாக்கோபு. பார்த்துப் பார்த்து எடுத்தவன் நான் என்றான் இவன். "அப்ப நீயே வச்சு நாக்கு வழிச்சுக்கோ!" அதோடு பேச்சு நின்றது. காலையிலிருந்து ஒரு சொல் இல்லை.

ஒரு கத்திக்காகவா என்று இப்போது நினைக்கையில் வெட்கமாக இருந்தது. தாயும் தகப்பனும் போனபின் கத்தரீனாளைத் தூக்கி வளர்த்தது அந்த அண்ணன்தான். "எங்கண்ணன முழுசாக் கூட்டிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து சொல்லியனுப்பினாள். அவன் மேலே வந்ததும் கத்தியைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டு விடிய விடியப் பேச வேண்டும்.

மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மணி நாலுகூட ஆகியிருக்காது, ஆனாலும் மரங்களுக்கடியில் பனி இறங்கி இறங்கி, கட்டிய நீலத் தார்ப்பாய்க்கு அப்பால் எல்லாம் சாம்பலாகிவிட்டது. அழுகிய ஏலக்காயின் இனிப்பு வாசத்துக்கடியில் வேறொரு நாற்றம், நாள்பட மூடிவைத்த குடத்தைத் திறந்த மாதிரி, மெதுவாக மூக்கில் ஏறியது. காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒவ்வொரு பக்கமாக ஓய்ந்தன. முதலில் மேட்டில். பிறகு வலப்பக்கம். பிறகு அவன் காலடியில்.

செடி விலகியது. இலை உரசியது. நின்றது.

கத்தியை எடுத்து விரித்தான். பூட்டு விழுந்தது.

"மச்சான்?"

பனிக்குள் கொங்காணி போட்ட உருவம் தெரிந்தது. மேட்டிலிருந்துதான் இறங்கி வந்தது. யாக்கோபின் உயரம், யாக்கோபின் தோள். தலையைத் தொங்கப் போட்டிருந்தது. கையில் குடம் இல்லை.

அட, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான் மனுஷன்! இன்னாசிராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னுமா கோவம்? தப்பு எம்மேலதான் மச்சான்."

உருவம் கையை நீட்டியது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. கத்தியைக் கேட்டது.

"இந்தா, நீயே வச்சுக்கோ."

கொடுக்கப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது அவர்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கிற பகை போதாதா? ஒரு கல்லைப் பார்த்து, பிடியை அவன் பக்கமாகத் திருப்பிப் பக்குவமாக வைத்தான். மரியாதைக்கு இரண்டடி பின்னால் நகர்ந்தும் கொண்டான்.

உருவம் குனியவில்லை. கை மட்டும் நீண்டு வந்து எடுத்தது.

அப்போதுதான் கீழே, வெகு ஆழத்திலிருந்து, குடம் பாறையில் இடிபடும் சத்தம்.

"ஏ மாப்ள! வழுக்குதுலே... ஒரு கை பிடி!"

யாக்கோபின் குரல்.

இன்னாசிராஜ் அசையவில்லை. அசைய முடியவில்லை. எதிரே கொங்காணி பின்னால் சரிந்து விழுந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தோல். வெறும் தோல். கண் இல்லை. வாய் இல்லை. அது கத்தியை நிதானமாக உயர்த்தி, வாய் இருக்க வேண்டிய இடத்தில், இந்தக் காதோரம் தொடங்கி அந்தக் காதோரம் வரை, ஒரே இழுப்பாக இழுத்தது. இரத்தம் வரவில்லை. பிளவு ஈரமாகத் திறந்தது.

"மேல வா மச்சான்" என்றது.

இன்னாசிராஜின் குரல். அவனுடைய குரலேதான்.

"இந்தா வாரேன் மாப்ள!" கீழிருந்து யாக்கோபு சொன்னான். கோபமெல்லாம் தீர்ந்த குரல். "காலையில பேசினத மனசுல வச்சுக்காத, என்ன?"

வராதே. வராதே மச்சான். ஓடு! கத்தப் பார்த்தான். மூச்சு நெஞ்சை முட்டியது. தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. கையைத் தூக்கி முகத்தைத் தடவினான். விரல்கள் உதட்டைத் தேடின. தேடின. மூக்கிலிருந்து தாடைவரை ஒரே தோல்.

யாக்கோபு ஏறி வந்துகொண்டிருந்தான்.