பூட்டறையில் ஒரு குண்டான் மாவு

ஞாயிற்றுக்கிழமை காலையில், முடிவெட்டக் கூட்டிப்போவது போல, பிள்ளைகளைப் பாடமேற்றும் நிலையத்துக்குக் கூட்டிப்போவார்கள். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் அறிவுச்சில்லில் கம்பியைச் செருகினால் போதும், அந்த வாரப் பாடம் முழுக்க மண்டைக்குள் இறங்கிவிடும். செவ்வாய்க் கோளில், மருதம் குடியிருப்பின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே பிறந்த எந்தப் பிள்ளையும் இதற்கு அழுததில்லை. அழுவானேன்? வீட்டுப்பாடம் கிடையாது, தெரியாதது என்று ஒன்றும் கிடையாது.

தேன்மொழியின் மகள் நன்முல்லைக்கு மட்டும் ஒன்பது வயதாகியும் சில்லு இல்லை. தேன்மொழிக்கே சில்லு உண்டு. அண்டத்து நட்சத்திரங்களின் பெயரெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் எதையாவது தானே தேடிக் கண்டுபிடித்த ஞாபகம் மருந்துக்கும் இல்லை. முல்லை சின்னவளாக இருந்தபோது அம்மாவின் சட்டையை இழுத்து இழுத்து "ஏம்மா?" என்று கேட்பாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அப்படிக் கேட்பதில்லை. பதில் முதலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டால் கேள்வி எங்கிருந்து வரும்? அந்தக் குரலை இழக்கத் தாய்க்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். குடியிருப்பே சிரித்தது.

கல்வித்துறை சிரிக்கவில்லை. ஆய்வாளர் திருவரங்கனை அனுப்பியது. முல்லை தேர்வில் தவறினால் அன்றைக்கே சில்லு பதிக்க அவருக்கு உத்தரவு.

முதல் கேள்விக்கே முல்லை, "தெரியாது சார்," என்றாள். அடுத்ததற்கும் அதே பதில். தேன்மொழி சமையலறை வாசலுக்கே வந்து நின்றுவிட்டாள்.

ஆய்வாளர் இரக்கப்பட்டு, தனக்கு வைத்த இட்லியைக் காட்டினார். "சரி பாப்பா, சுலபமா ஒண்ணு கேக்கறேன். பூமிய விட இங்க மாவு ஏன் அதிகமாப் பொங்குது?"

"நீங்க என்ன சார் நெனைக்கறீங்க?"

"இங்க ஈர்ப்பு விசை கம்மி, அதான்." சில்லில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா வெளிய போய்ட்டு வர்றவங்க நின்னு காத்தழுத்தத்தச் சரிபண்ணிக்கற பூட்டறை இருக்குல்ல, அப்பாவுக்கு அங்கதான் வேலை. அங்க ஒரு குண்டான் மாவ வச்சு அழுத்தத்தக் கூட்டிப் பாத்தோம். கொஞ்சமாத்தான் பொங்குச்சு. அங்கயும் ஈர்ப்பு இதேதானே சார்? நம்ம கூரைக்குள்ள அழுத்தம் கம்மி. அதனாலதான் இவ்ளோ பொங்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "மொதத் தடவ தெரியாம அழுத்தத்தக் கொறச்சிட்டோம். மாவு வழிஞ்சு அப்பாவோட ஹெல்மெட்டுக்குள்ள போயிடுச்சு. இன்னும் புளிச்ச வாடை போகல."

ஆய்வாளர் தன் சில்லில் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றார். விடை தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஆறிப்போன இட்லியை மறந்து, இருட்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

முல்லை தேறினாள். அவர் போனதும் தேன்மொழி மகளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள். இனி இவள் குரல் இவளுடையது.

மறுநாள் விடிவதற்குள் வாசலில் வரிசை நின்றது. எல்லாம் பெற்றோர்கள். "எம்பொண்ணுக்கும் வீட்டுக் கல்விதாங்க வேணும்."

"உங்க வீட்லயே சொல்லிக்குடுக்கலாமே," என்றாள் தேன்மொழி.

"எங்க வீட்ல சரிப்படுமா? உங்க வீட்டுக் கல்விதான் பிரமாதம்னு ஆய்வாளரே சொல்றாரே."

இளகிய மனசுக்காரி அவள், மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. கூடம் நிறைந்தது, பிறகு படுக்கையறை, பிறகு சமையலறை. பெற்றோர் சீருடை கேட்டார்கள், தைத்தாயிற்று. மணி கேட்டார்கள், கட்டியாயிற்று. மாவு பொங்குவதை எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு வருகை பதியும் வழக்கம் எப்போது தொற்றியது என்று தேன்மொழிக்கே தெரியாது.

ஆய்வாளர் மறுபடி வந்தார். அவர் மகன் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"எல்லாப் பிள்ளைங்களும் ஒழுங்கா வர்றாங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் வருகை ரொம்பக் கம்மியா இருக்கேம்மா," என்றார் வருத்தமாக. "விதிப்படி, வீட்டுக் கல்வி அனுமதிய ரத்து பண்ணிட்டு சில்லு வச்சாகணும்."

தேன்மொழி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். நாள்தோறும் மகள் பெயரைக் கூப்பிட்டு, பதில் வராமல், "வரவில்லை" என்று பதிந்தது அவளேதான்.

பூட்டறையிலிருந்து முல்லையைக் கூட்டிவந்தார்கள். கையெல்லாம் செம்மண்.

"ஏன் பாப்பா, நீ வீட்டுக் கல்விக்கே வர்றதில்லையாமே?"

முல்லை கூடத்தை எட்டிப் பார்த்தாள். காலை வைக்க இடமில்லாமல் பிள்ளைகள். நடுவில், கையில் பிரம்பில்லாத குறையாக, அம்மா.

"வீட்ல எங்க சார் எடம் இருக்கு?" என்றாள். "அதான் வெளிய போய்ப் படிக்கறேன்."