அலமாரிக்குள் இன்னொரு மூச்சு

இசை உலகம் செவிசாய்க்கட்டும்: பதிந்த ஒரு பாட்டை மாஸ்டரிங் என்னும் கடைசி மெருகுக்காக ஆன்லைனில் அனுப்புவதா, ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போவதா என்ற மாபெரும் கேள்விக்கு, அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மூன்றாம் மாடி வீடொன்றின் படுக்கையறையில், கழுத்து தொய்ந்த பனியனோடு உட்கார்ந்திருந்த ஒருவர் நிரந்தரத் தீர்வு கண்டார். முதலில் ஆன்லைன். அது சரிப்படாவிட்டால் ஸ்டூடியோ.

வாரத்தில் ஐந்து நாள் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர். மிச்ச இரண்டு நாள் இசையமைப்பாளர். வீட்டில் அவருக்குப் பெயரே அதுதான். "இசையமைப்பாளர் சாப்பிட வரலாமே" என்று மனைவி கூப்பிடும்போது அதில் மரியாதை எத்தனை சதவீதம் என்று அவர் ஆராய்ந்ததில்லை.

ஒன்பது பாட்டு, மூன்று வருட உழைப்பு. எல்லாம் துணி அலமாரிக்குள் பதிந்தவை. வீட்டில் பாட்டுப் பதிகிறவர்கள் செய்கிற காரியம்தான் அது; தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். இவர்கள் வீட்டு அலமாரி ஓர் ஆள் நிற்குமளவு ஆழமானது. எட்டுப் பாட்டை அவரே உள்ளே நின்று பாடினார். அவர் பாடும்போது சுருதி அடிக்கடி வெளிநடப்புச் செய்யும். அதனால் ஒன்பதாவதை ஏழு வயது மகளிடம் கொடுத்தார். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அலமாரிக்கு முதுகு காட்டி, ஹெட்போனை மாட்டி, கணினித் திரையில் கண்ணை நட்டு உட்கார்ந்தார். முதல் தடவையிலேயே ஒரு பிசிறில்லை. அப்பாவின் ரத்தம் என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இணையதளம் மூன்று வழி காட்டியது: மென்மை, நடுத்தரம், உரப்பு. பாட்டுப் போட்டவன் எவன் மென்மையை அழுத்தியிருக்கிறான்? உரப்பு. நான்கே நிமிடத்தில், ஓங்கிய இடங்களை அமுக்கி, சன்னமான இடங்களையெல்லாம் தூக்கி நிறுத்தி, எட்டுப் பாட்டுக்கும் நீளமான குறைப்பட்டியலோடு திருப்பி அனுப்பியது இயந்திரம். மகளின் பாட்டுக்கு எதிரே மட்டும் ஒரே வரி: திருத்த எதுவுமில்லை.

பூரித்துப்போய் முதல் பாட்டை ஓடவிட்டார். அவர் குரல் தொடங்குவதற்கு முன் ஒரு மூச்சு கேட்டது.

பாடுகிறவன் மூச்சிழுப்பது சகஜம். ஆனால் அவருடைய மூச்சு அதற்கு அப்புறம் வந்தது.

திரும்ப ஓட்டினார். முதலில் ஒன்று, ஈரமாக, மெதுவாக. பிறகு அவருடையது. பிறகு பாட்டு.

"மிஷினுக்கு என்ன தெரியும் சங்கீதம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அசல் பதிவுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார்.

இரண்டு தெரு தள்ளி, அச்சகம் ஒன்றின் கீழே இருந்தது அது. தடித்த கதவு சாத்தியதும் தெருவின் இரைச்சல் கத்தரித்த மாதிரி நின்றுபோய், சூடான தூசியும் பழைய கம்பளமும் ஆறிய காப்பியும் கலந்த வாசனைக்குள் தன் காலணி முனகுவதும், விழுங்கிய எச்சில் தொண்டையில் இறங்குவதும், சட்டைக்குள் இதயம் தட்டுவதும் தனித்தனியாக அவருக்குக் கேட்டன.

"வாங்க சார்," என்றார் ஸ்டூடியோக்காரம்மா. "ஆன்லைன்ல அனுப்பிப் பாத்துட்டுதான வர்றீங்க?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?"

"முகத்துலயே உரப்பு தெரியுது."

அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் பாட்டு, நான்காவது, எட்டாவது. அவ்வப்போது ஒரு குமிழைத் திருப்பினார்.

"கூட நின்னது யாரு?"

"யாருமில்ல. துணி அலமாரிக்குள்ள நின்னு பாடினேன், பின்னாடி என் கோட்டுதான் தொங்குச்சு." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

ஸ்டூடியோக்காரம்மா சிரிக்கவில்லை. "மிஷின் இதைச் சேர்க்கல சார். இருந்ததைத் தூக்கிக் காட்டியிருக்கு, அவ்வளவுதான். முதல் பாட்டுல தூரத்துல இருக்கு, அலமாரிக் கடைசியில மாதிரி. நாலாவதுல உங்க தோள்கிட்ட. எட்டாவதுல..." கண்ணைத் திறந்தார். "மைக்குக்கும் உங்களுக்கும் நடுவுல."

அந்துருண்டை வாசனையும், கன்னத்தில் உரசிய கம்பளிக் கையும், பாடும்போதெல்லாம் பிடரியில் படர்ந்த வெதுவெதுப்பும் அவர் நினைவுக்கு வந்தன. அந்த வெதுவெதுப்பைப் படைப்பூக்கம் என்று நம்பி, என்றாவது யாராவது பேட்டி எடுத்தால் சொல்வதற்காக இரண்டு வாக்கியங்கள்கூடத் தயாராக வைத்திருந்தார். கடைசியாகப் பாடிய நாட்களில் அந்தச் சூடு முகத்தில் பட்டது. அதை இப்போதுதான் யோசித்தார்.

"எடுத்துட முடியுமா மேடம்?"

"ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு முன்னாடி மூச்சிழுக்குது சார். எப்பப் பாடப் போறீங்கன்னு அதுக்குத் தெரியுது. இதை நான் தொடமாட்டேன்."

"ஒன்பதாவது சுத்தமா இருக்குமே? என் பொண்ணு பாடினது. மிஷினே பாராட்டுச்சு."

பாட்டு ஓடியது. பால்போன்ற குரல். அந்தம்மாவின் கை குமிழின் மேல் அப்படியே நின்றது. ஒருமுறை கேட்டார். ஒலியை எக்கச்சக்கமாகக் கூட்டி, இன்னொரு முறை.

"இதுல அந்த மூச்சு இல்ல."

"அப்பாடா."

"எந்த மூச்சுமே இல்ல சார். மூணு நிமிஷம் பாடியிருக்கா. ஒரு இடத்துலகூட மூச்சு எடுக்கல."

அவர் கைப்பேசியை எடுத்தார். மனைவி நிதானமாக எடுத்தாள்.

"என்னங்க, உலகப் புகழ் வந்துடுச்சா?"

"பாப்பா எங்க?"

"உங்க அலமாரியிலதான். அரை மணியா பாடிட்டே இருக்கா. கேக்குதா?"

கேட்டது. தாளிக்கும் ஓசைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் அப்பால், அதே பாட்டு. பால்போன்ற குரல்.

"அவளை வெளிய கூப்பிடு."

"எதுக்கு? பாவம், ஆசையா பாடுது. அடுப்புல வேலையா இருக்கேன்."

"நடுவுல நிறுத்தறாளா? மூச்சு விடறாளான்னு பாரு!"

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

ஓடினார். பட்டப்பகல். தெரு நிறைய வெயில், வண்டிகள், வாங்கியதைத் தூக்கிப் போகிற ஜனங்கள். மூன்று மாடி. படியில் ஒரு செருப்பு கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு திறந்திருந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "செருப்பு எங்கங்க?" என்றாள். பதில் சொல்ல அவருக்கு மூச்சில்லை. வீடெங்கும் பாட்டு.

படுக்கையறை. இழுத்துவிட்ட திரை. அந்துருண்டை வாசனை. சாத்திய அலமாரி.

உள்ளே பாட்டு.

கைப்பிடியை நோக்கி இரண்டடி வைத்தார். மூன்று. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டு அவர் கால்சட்டையைப் பிடித்தது.

மகள். முட்டியைக் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒண்டி.

"திறக்காதப்பா," என்றாள் கிசுகிசுப்பாக.

"நீ... அப்ப உள்ள..."

"அன்னைக்கும் நான் போகலப்பா. பயமா இருந்துச்சு. இங்கதான் ஒளிஞ்சிருந்தேன். நீ திரும்பியே பாக்கல."

அலமாரிக்குள் பாட்டு நின்றது.

அவளைத் தூக்கி மார்போடு அணைத்தார். இருவரும் அசையவில்லை. ஏதாவது சொல்லவேண்டும், மனைவியைக் கூப்பிடவேண்டும். வாயைத் திறந்தார். மூச்சிழுக்கப் போனார்.

அவருக்கு முன்னால், கதவுக்கு மறுபுறம், அது இழுத்தது.

பிறகு அவருடைய குரலிலேயே, அவருடைய முதல் பாட்டை ஆரம்பித்தது. கைப்பிடி உள்ளிருந்து மெல்லத் திரும்பியது.

சுருதி சுத்தமாக இருந்தது. திருத்த எதுவுமில்லை.