கம்பளத்தில் ஒரு கறுப்புத் தடம்!

டெலிபோன் அலறியது.

நுரையக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"கொன்னுட்டீங்களே! அநியாயமா கொன்னுட்டீங்களே!"

"ஐயோ... யாரைங்க?"

"என் கார்பெட்டை!"

பல் டாக்டரம்மாவின் குரல்! நேற்று சாயங்காலம்தான் அந்த வீட்டு ஹாலில் விரித்திருந்த மெரூன் கம்பளத்தை ஷாம்பு போட்டுச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தாள். பதினோரு வருஷமாக இதே தொழில். நுரை மெஷினோடு வந்து இறங்குவதால் ஊருக்கே அவள் நுரையக்கா.

"என்னம்மா ஆச்சு?"

"திட்டுத் திட்டா கறை! போதாததுக்கு ஹால் அலமாரி திறந்து கிடக்கு, என் வைர நெக்லஸைக் காணோம். போலீஸ் வந்தாச்சு. நீங்களும் வந்து சேருங்க!"

நுரையக்கா போனைப் பொத்தென்று வைத்தாள்.

திருட்டுப் பட்டம் விழுந்தால்... அப்புறம் எந்த வீட்டில் அவளை உள்ளே விடுவார்கள்?

டாக்டரம்மா வீட்டு ஹால் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் இன்ஸ்பெக்டர்.

"உள்ளே யாரும் கால் வைக்கலை. கைரேகை எடுக்கறவங்க வரணும். நேத்து கடைசியா உள்ளே இருந்தது நீதானே?"

"ஆமாங்க. ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது!" என்று பாய்ந்தான் டாக்டரம்மாவின் தம்பி, சக்கர நாற்காலியில் இருந்தபடி. மூன்று மாசம் முன்னால் படிக்கட்டில் விழுந்தவன். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை என்று அக்கா வீட்டோடு வந்து தங்கிவிட்டான். "இவங்க பையைச் சோதனை போடுங்க சார்!"

நுரையக்கா அவனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் மண்டி போட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து, கம்பளத்தையே பார்த்தாள்.

சட்டென்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்!

"சார், இது கறையே இல்லை. வெளியே சுத்திப் போய் அந்த ஜன்னல் வழியா பாருங்க."

இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தபடி போனார். ஜன்னலில் அவர் தலை முளைத்தது.

"அட! இங்கேருந்து பார்த்தா அதே இடம் வெளுப்பா தெரியுதே!"

"அவ்வளவுதான் சார். கம்பளத்து நூல் தலைமுடி மாதிரி. நான் பிரஷ் போட்டு ஒரே பக்கமா வாரி விட்டுட்டு, பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்தேன். ஈரம் காயறதுக்குள்ள எது அழுத்தினாலும் நூல் வேற பக்கம் சாஞ்சிடும். ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெளுப்பு!"

"அப்போ... இது உனக்கப்புறம் வந்தவன் தடம்!"

"ஆமாம் சார்," என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "இவங்க கிளம்பறப்ப நான் கூடவே நின்னேன். அலமாரி பூட்டித்தான் இருந்தது."

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "யாரு அவன்?"

"நீங்களே பாருங்க. வாசல்லேர்ந்து ரெண்டு கோடு, ரயில் தண்டவாளம் மாதிரி. நடு ஹால் வரைக்கும் போய், அதே கோட்டுல திரும்பியிருக்கு. ஈரத்துல அதுக்கு மேல சக்கரம் உருளலை."

"சக்கரமா?!"

"அங்கேருந்து அலமாரி வரைக்கும்... ரெண்டு கால் தடம். போகவும், வரவும்!"

எல்லாத் தலைகளும் சக்கர நாற்காலியின் பக்கம் திரும்பின.

தம்பி நாற்காலியைப் பின்னுக்கு உருட்டினான். "யா... யாரோ என் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கான்!"

"தள்ளினவனுக்குக் கால் இருக்குமே தம்பி?" நுரையக்கா சிரித்தாள். "சக்கரத் தடத்துக்குப் பின்னால ஒரு காலடி கூட இல்லையே!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை நோக்கி ஓர் அடி வைத்தார்.

அடுத்த விநாடி தம்பி துள்ளி எழுந்தான்! நாற்காலி மெத்தையடியில் கை விட்டு எதையோ உருவினான். வராந்தாவைத் தாண்டி ஓட்டம் பிடித்தான்!

"ஐயோ, என் தம்பி நடக்கிறான்!" டாக்டரம்மா ஆனந்தத்தில் கை தட்டினாள்.

கை பாதியில் நின்றது.

"...அடப்பாவி! என் நெக்லஸ்!"

கேட்டருகே நின்ற கான்ஸ்டபிள் காலை நீட்டினார். தம்பி குப்புற விழுந்தான். வைரம் புல்தரையில் மின்னியது.

"மூணு மாசம் ஊட்டி விட்டேனேடா!" டாக்டரம்மா அவன் காதைத் திருகினாள். பிறகு நுரையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்கம்மா. உங்களைப் போய்..."

"விடுங்கம்மா. போலீஸ் போட்டோ எடுத்து முடிச்சதும் லேசா நீராவி காட்டி ஒரு பக்கமா வாரி விடறேன். கம்பளம் பளிச்!"

தம்பிக்கு விலங்கை மாட்டியபடியே இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"பெரிய பெரிய டாக்டருங்க மூணு மாசமா பார்த்தும் எழுந்திருக்காதவனை, ஒரே பிரஷ்ல ஓட வச்சுட்டியேம்மா... டாக்டர்னு போர்டு மாட்டு, நான் என் மாமனாரைக் கூட்டிட்டு வர்றேன்!"