மேற்குக் கரையின் புது உறுப்பினர்

"ஒரே ஒரு ஆள்... ஒரு ஆள் கிடைச்சா போதும்!"

மாடிப்படியின் உச்சியில் நின்று, கொட்டுகிற மழையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள் அவள். சாதாரண மழையா அது? வானத்துக்கும் தெருவுக்கும் ஏதோ பழைய பகை இருந்து, அதை இன்றே தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தது போல அப்படி ஓர் அடி...

பேக்கரிக்கு மேலே இருந்த அந்த அறையில்தான் ஏரிப் பாதுகாப்புக் குழு கூடும். பகலெல்லாம் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அவள், சாயங்காலம் ஆனால் இந்தக் குழுவின் செயலாளர். கீழே ரொட்டி வேகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்து, எத்தனை சூடான வாக்குவாதத்தையும் பாதியிலேயே பசியாக மாற்றிவிடும்.

இன்றைக்கு யாருக்கும் பசி இல்லை. கிழக்குக் கரையில் ஏற்கெனவே இருக்கிற கான்கிரீட் சுவரை ஏரியைச் சுற்றிலும் நீட்டி, நடைபாதை போட்டு, விளக்கு நட்டு 'அழகுபடுத்த' நகராட்சி திட்டம் போட்டிருந்தது. சுவர் வந்தால் மேற்குக் கரையின் நாணல் காடு போய்விடும். நாணல் போனால், அதற்குள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நீர்க்கோழிகள் எங்கே போகும்? ஆட்சேபணை கொடுக்க நாளைதான் கடைசி. பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டால்தான் அது செல்லும். உறுப்பினர்களில் பாதிப் பேரை மழை வீட்டிலேயே கட்டிப் போட்டுவிட்டது.

"இன்னும் ஒருத்தர் வேணும்மா," என்றார் தலைவர். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். விதி என்றால் அவருக்கு விதிதான். "கோரம் இல்லாம கூட்டத்தை ஆரம்பிக்க முடியாது."

"பேக்கரியில யாராவது நிப்பாங்க சார், பிடிச்சு இழுத்துட்டு வரேன்!"

விறுவிறுவென்று இறங்கினாள். அதே நேரம் கீழேயிருந்து ஒருவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். திருப்பத்தில்... டமார்!

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"எனக்கு நல்லாவே தெரியும்ங்க. ஊருக்கே தெரிய வைக்கிறவன் நான்," என்றான் அவன், நெற்றியைத் தேய்த்தபடி. தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே... வாய் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். "மழைக்கு ஒதுங்கலாம்னு வந்தேன். உங்களுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?"

"கோரம் இல்லைங்க!"

அவன் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தான். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை.

"இல்லையே... கோரமெல்லாம் இல்லை. நல்லாத்தானே இருக்கீங்க!"

மேலே, கதவருகே நின்ற கொக்கு அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஏரிக்கு வருகிற கொக்குகளைப் பல வருடமாகக் கணக்கெடுக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "தம்பி, அந்தக் கோரம் இல்லப்பா! கூட்டம் நடத்த ஒரு ஆள் குறையுது!"

செயலாளரின் முகம் சூடேறியது. ஆனால் வெட்கப்பட நேரம் ஏது? "நீங்க இந்த ஊர்தானே?"

"கடைத்தெருவுல கண்ணாடிக் கடை நம்மளுதுதான். கண் சோதிச்சுக் கண்ணாடி போட்டுக் கொடுப்பேன்."

"ஏரி பிடிக்குமா?"

"இது என்ன கேள்வி? ஏரியைப் பிடிக்காதவன் உண்டா?"

"அப்போ வாங்க!"

ஈரச் சட்டையோடு அவன் உறுப்பினரானான். சேர்ந்தவுடனே ஒருவர் கணக்கில் வருவாரா என்று குழுவில் ஒருவரான பேக்கரிக்காரர் கேட்க, தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு விதிகளை இரண்டு தடவை படித்து, "தடை ஒண்ணும் இல்லை," என்று அறிவித்தார். அறையில் கைதட்டல்! அவள் தீர்மானத்தை வாசித்தாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவன் கையும் உயர்ந்தது. அதன் பிறகும் அது இறங்கவில்லை.

"ஒரு சந்தேகம் மேடம்... சுவர் வேண்டாம்னு எழுதியிருக்கீங்க, சரி. என்ன வேணும்னு எழுதவே இல்லையே? சாயங்காலம் பெரியவங்க நடக்க, பிள்ளைங்க ஓட ஒரு இடம் வேணும்ல? வெறும் 'வேண்டாம்'னு போனா நம்ம பக்கம் யார் நிப்பாங்க?"

"சார்... நீங்க சேர்ந்து இன்னும் சட்டைகூடக் காயலை!"

"அதான் குளிர்ல மூளை நல்லா வேலை செய்யுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'மழைக்கு ஒதுங்கின ஆளுக்கு எவ்வளவு திமிர்!' என்று நினைத்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்தாள். படுத்த பிறகு வேறொன்றும் தோன்றியது... அவன் கேட்டது சரிதானே?

ஆட்சேபணை போய்ச் சேர்ந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதியும் வந்தது. அதற்குள் மாற்றுத் திட்டம் ஒன்று தயாராக வேண்டும் என்று குழு முடிவு செய்து, அதை யாரிடம் ஒப்படைத்தது தெரியுமா? செயலாளரிடமும் புது உறுப்பினரிடமும்! கொக்கு அக்காதான் அந்த யோசனையைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாட்கள் சிறகு கட்டிக்கொண்டு பறந்தன. விடிந்ததும் விடியாததுமாக மேற்குக் கரையில் இருவரும் அளவுநாடா பிடித்து அளந்தார்கள். நாணலைத் தொடாமல், அதற்குப் பின்னால் மேட்டு நிலத்தில் மரப்பலகை நடைபாதை. நடுநடுவே உட்கார்ந்து பறவை பார்க்க மேடை. வரைந்தார்கள், அழித்தார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி வரைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெரு ஏரிக்கரையைத் தொடுகிற இடத்தில் குழு மேசை போட்டது. அவள் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியப் பேசினாள். பத்துப் பேர் நின்றால் அதிகம். அவன் கடையிலிருந்து ஒரு தொலைநோக்கியைக் கொண்டு வந்து கரையோரம் நிறுத்தினான், அவ்வளவுதான்! வரிசை தெருமுனை வரை போனது.

"அய்யோ... குஞ்சுங்க! அம்மா பின்னாடியே போகுதுங்க!" என்று காய்கறிக் கடைக்கார அம்மா கூவினாள். பார்த்தவர்கள் எல்லோரும் ஆதரவுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"ஒரு மணி நேரம் கத்தினேன். யாரும் திரும்பலை," என்றாள் அவள், தோற்றவள் போல.

"நீங்க பேசினதுனாலதான் என்ன இருக்குன்னு பார்க்க வந்தாங்க," என்றான் அவன். "நீங்க இன்னும் பார்க்கலையே? வாங்க."

அவள் குனிந்தாள். நாணல் தண்டுகளுக்கு நடுவே, கறுப்புப் பஞ்சு உருண்டைகளாக மூன்று குஞ்சுகள்... தண்ணீர் முழுக்க வெயில் துண்டுகள். "எவ்வளவு அழகு!" என்று நிமிர்ந்தாள். அவன் ஏரியைப் பார்க்கவில்லை. பிடிபட்டவன் போலச் சட்டென்று கண்ணைத் திருப்பி, தொலைநோக்கியின் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

அன்று ராத்திரி அவள் தூங்கினாளா? அம்மா கேட்டதற்கு மட்டும், "கூட்டத்தை நினைச்சா பயமா இருக்கும்மா," என்று சொல்லி வைத்தாள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் நகராட்சி ஜீப் ஒன்று மேற்குக் கரைக்கு வந்தது. திட்டம் வரைந்த இன்ஜினியர் இடத்தைப் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்ததால், குழு மொத்தமும் கூடியிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கினாள் ஒரு பெண்மணி. நிமிர்ந்த நடை. கண்டிப்பான முகம். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்த அந்தக் கண்கள் ஓரிடத்தில் நின்றன.

"டேய்! நீ இங்க என்னடா பண்றே? கடையைத் திறக்கலையா?"

"அக்கா..." என்றான் அவன்.

சிறு வயதிலேயே தாயை இழந்த தம்பியை வளர்த்து ஆளாக்கிய அக்கா. சுவரை வரைந்த கையும் அவளுடையதுதான். அந்த ஒரு நிமிடத்தில் கரையில் நாணல்கூட அசையவில்லை.

இன்ஜினியர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் செயலாளரிடம் ஓடி வந்தான். "மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"முதல் நாள் எனக்கே தெரியாதுங்க, அக்கா வீட்டில ஆபீஸ் பேச்சே எடுக்காது. தெரிஞ்ச பிறகு... சொன்னா நீங்க பேச மாட்டீங்களோன்னு..."

"எங்க திட்டம் ஒவ்வொண்ணும் ராத்திரி உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போயிருக்கும். அப்படித்தானே?"

அவன் முகத்தில் அடி விழுந்தது போல ஒரு நிறம்.

மறுநாள் பேக்கரி மாடியில் அவசரக் கூட்டம். "தீர்மானம் போட்ட அன்னைக்கு அவர் முறையான உறுப்பினர். அதனால தீர்மானம் நிக்கும்," என்றார் தலைவர். "உறவு தப்பு இல்லை. ஆனா தெரிஞ்ச உடனே நம்மகிட்ட சொல்லியிருக்கணும்."

"தப்புதான் சார்," என்று எழுந்தான் அவன். "என்னால குழு மேல யாரும் விரல் நீட்டக்கூடாது. நான் விலகிக்கிறேன்."

கொக்கு அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செயலாளரின் குரல் முந்திக்கொண்டது. "ஏத்துக்கறோம்."

அவன் அவளை ஒரு முறை பார்த்தான். படியிறங்கிப் போனான். அந்தக் காலடிச் சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளேயே இறங்கியது. 'நான் செஞ்சது சரி... சரிதானே?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

கருத்துக் கேட்பு நாள். நகராட்சி மண்டபத்தில் உட்கார இடமில்லை. தொலைநோக்கியில் குனிந்து பார்த்தவர்களெல்லாம் வந்திருந்தார்கள்! மேடையில் ஆணையர், பக்கத்தில் இன்ஜினியர் அக்கா. அவன் மட்டும் கண்ணில் படவில்லை.

அவள் வரைபடத்தை விரித்தாள். முதல் வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் குஞ்சுகள் நினைவுக்கு வந்தன... பேச்சு மடை திறந்தது.

இன்ஜினியர் இடைமறித்தாள். "பெரிய மழை வந்தா மேற்குக் கரை கரையும். சுவர் இல்லாம எதை வச்சுத் தாங்குவீங்க?"

"நாணலை வச்சுத்தான் மேடம்! போன மழையில சுவர் இருக்கிற கிழக்குக் கரைக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சுது. நாணல் இருக்கிற பக்கம் ஒரு பிடி மண்ணு நகரலை. அதோட வேர் அப்படிப் பிடிச்சிருக்கு. இந்தப் படங்களைப் பாருங்க."

இன்ஜினியர் படங்களை வாங்கிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு அவனுடைய கண்களைப் போலவே இருந்த அந்தக் கண்கள் அவளை நோக்கி நிமிர்ந்தன.

"கிழக்குச் சரிவு எனக்கும் தெரியும். அதைச் சீர் செய்ததே நான்தான். ஆனா நாணலோட இதைச் சேர்த்துப் பார்க்கலை." ஆணையரிடம் திரும்பினாள். "மேற்குப் பக்கத்துக்கு இவங்க நடைபாதையை எடுத்துக்கலாம் சார். நான் மாத்தி வரைஞ்சு தரேன்."

மண்டபம் வெடித்தது! பேக்கரிக்காரர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். போஸ்ட்மாஸ்டர் விதியை மறந்து விசிலடித்தார். ஆணையர் மேசையைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

சத்தத்துக்கு நடுவே இன்ஜினியர் அவள் பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். இந்த வரைபடத்தை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன். ஜீப்ல வந்த அன்னைக்கு ராத்திரி, குழுவுல என்னடா யோசிக்கறீங்கன்னு தம்பிகிட்ட கேட்டேன். 'அது அவங்க விஷயம்க்கா, கூட்டத்துல அவங்க வாயால கேட்டுக்கோ'ன்னுட்டான். நான் வளர்த்த பையன், என்கிட்டயே வாயைத் திறக்கலை." குரலில் கோபமா பெருமையா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஒரு வாரமா சரியாச் சாப்பிடலை. கடையிலதான் உட்கார்ந்திருக்கான்."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. மாலை போடக் காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு, கடைத்தெருவில் ஓட்டமும் நடையுமாக... மழை தூற ஆரம்பித்திருந்தது. யாருக்கு வேண்டும் குடை!

கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளியதும் மணி ஒலித்தது. அவன் தலை நிமிர்த்தினான். எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"ஜெயிச்சுட்டோம்!" என்றாள் மூச்சிரைக்க.

"கேள்விப்பட்டேன். விசில் சத்தம் இங்க வரைக்கும் வந்துச்சு." சிரிக்க முயன்றான். அந்தக் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. "வாழ்த்துகள், மேடம்."

அவள் விறுவிறுவென்று போய்ச் சோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குக் கண் சோதிக்கணும்."

"உங்களுக்கா?"

"ஏன், நான் வாடிக்கையாளர் இல்லையா?"

அவன் விளக்கைப் போட்டான். எதிர்ச் சுவரில் எழுத்துகள். பெரிய எழுத்தைப் படித்தாள், சின்னதைப் படித்தாள், அடியில் கடுகு போல இருந்ததையும் கடகடவென்று படித்தாள்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லைங்க."

"இருக்கு." அவள் சுவரிலிருந்த எழுத்துகளையே பார்த்தாள். "ஒருத்தர் நல்லவர்னு கண் முன்னாடியே தெரிஞ்சுது. அப்படியும் நம்பலை. அவசரப்பட்டு 'ஏத்துக்கறோம்'னு சொல்லிட்டேன். சொன்ன வாய் அன்னையிலேருந்து நிம்மதியாச் சாப்பிடலை. என்னை மன்னிச்சிடுங்க."

"நானும் சொல்லியிருக்கணும்... பயந்துட்டேன்."

"அக்காவுக்கா?"

"உங்களுக்கு. நீங்க பேசாம போயிடுவீங்களோன்னு. கடைசியில அதுதானே நடந்துச்சு?"

வெளியே மழை வலுத்தது. கடைக்குள் கண்ணாடிகள் எல்லாம் மினுமினுத்தன. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆணையருக்கு முன்னால்கூட இதயம் இப்படி அடித்துக்கொள்ளவில்லையே!

"நாளைக்குக் கூட்டத்துல உங்களைத் திரும்பக் கூப்பிடணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"குழுவுக்கு நான் வேணும். சரி." அவன் ஒரு அடி பக்கத்தில் வந்தான். கண்கள் மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்திருந்தன. "செயலாளருக்கு?"

"செயலாளருக்குத் தெரியாது," என்றாள் அவள். பிறகு நிமிர்ந்து, அவனை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள். "எனக்கு வேணும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... இவ்வளவு நாள் நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க கண்ணாடியைத்தான் துடைச்சிட்டிருந்தீங்க!"

வாயாடி என்று பேர் எடுத்தவன் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தான். துடைக்க எதுவும் அகப்படாமல் அதையே பார்த்தான். பிறகு அதை மேசையில் போட்டுவிட்டு, அவள் பிடித்திருந்த கைப்பிடி மேல், அவள் விரல்கள் மேல், தன் கையை வைத்தான்.

"படியில இடிச்ச அன்னைக்கே விழுந்துட்டேங்க," என்றான் மெதுவாக. "இன்னும் எழுந்திரிக்கலை."

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கதவு மணி மறுபடி ஒலித்தது; யாரோ மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தார்கள். இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.